பக்கத்து மேஜை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்தவன். ராஜாஜிநகரில் இருக்கிறேன். 1975-ல் இங்கே எலெக்ட்ரிக்கல் பொறியியல் முடித்து, 34 வருடம் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். எங்கள் வகுப்பின் பொன்விழா தள்ளித் தள்ளிப் போய் ஒருவழியாக அடுத்த ஏப்ரலில் நடக்கப்போகிறது. அதற்கு ஒரு மலர் போடுகிறோம். மார்ச்சில் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். அதில் ‘மறைந்த நண்பர்கள்’ பகுதி என் பொறுப்பு.

வகுப்பில் 61 பேர். 22 பேர் இன்று இல்லை. வேலை, பதவி, ஓய்வுபெற்ற ஆண்டு எல்லாம் ஓரளவு திரட்டிவிட்டேன். உதாரணத்துக்கு, என் நெருங்கிய நண்பன் ஒருவன் ஐடிஐ என்ற இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையில் டி.ஜி.எம். (துணைப் பொது மேலாளர்) ஆக ஓய்வுபெற்றான். (வட கர்நாடகத்துக் கித்தூரில் கிராமத்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போட்டபோது அங்கே போயிருந்ததாக அடிக்கடி சொல்வான்.) எனக்குச் சில சந்தேகங்கள். பெரிய பதவிக்குப் போனவருக்கும் மற்றவருக்கும் ஒரே அளவு இடம் தரலாமா? கல்லூரிக்காலப் படமா, கடைசிக்காலப் படமா? ஒருவர் தற்கொலை செய்துகொண்டார், ஒருவர் குடியால் போனார். இதையெல்லாம் எழுதலாமா? மலர் ஆங்கிலத்தில் வருகிறது, தமிழிலும் கன்னடத்திலும் சில பக்கங்கள் வைக்கலாமா?

22 பேரில் இருவர் பெண்கள். (அவர்களில் ஒருவர் லேபில் எனக்குப் பக்கத்து மேஜை. எங்கள் குழுவுக்கு மோட்டார் லோட் டெஸ்டில் ரீடிங் எல்லாம் அவர்தான் எழுதுவார், ஒருமுறைகூடத் தப்பாது.) கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் வேலைக்குப் போகவில்லை என்று கேள்வி. ஒருவருடைய தங்கை மைசூரில் இருக்கிறாராம். மற்றபடி தகவல் திரட்ட வழியில்லை. ‘இல்லத்தரசி’ என்று போட்டு ஒரு வரியில் முடித்துவிடலாமா?

எஸ்.,
பெங்களூர்

அன்புள்ள எஸ். அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இறந்துபோன பட்டதாரிகளோடுதான் இருந்தேன். யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஒருவர் எங்கே படித்தார் என்று தேடப்போய், யேல் பல்கலைக்கழகத்தின் பழைய பதிவேடுகளில் சிக்கிக்கொண்டேன். இரண்டு மாதமாக ராத்திரி அதுதான் படிப்பு. 1859-60-ல் தொடங்கி 1952 வரைக்கும், தன்னிடம் படித்தவர்களில் அந்தந்த வருடம் இறந்தவர்களைப் பற்றி அந்தப் பல்கலைக்கழகம் தொகுதி தொகுதியாக அச்சிட்டிருக்கிறது. எந்த ஊரில் பிறந்தார், தாய் தகப்பன் யார், என்ன தொழில் செய்தார், யாரைக் கட்டினார், என்ன நோவில் போனார், யாரை விட்டுவிட்டுப் போனார். நீதிபதியானவருக்கும் அங்கே இடம் உண்டு. உடம்பு முடியாமல், பட்டம் வாங்கிய கையோடு அப்பாவின் பண்ணைக்குத் திரும்பி, கல்யாணமும் ஆகாமல் காசநோயில் போனவருக்கும் உண்டு. இரண்டாமவரைப் படிக்கும்போதுதான் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் உட்கார்ந்து, அந்தப் பையன் வீட்டுக்குக் கடிதம் போட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, நாலு வரி எழுதியிருக்கிறார். ஒன்றுமே ஆகாமல் போனவனுக்காக.

அந்த வேலையில் வருடக்கணக்காக உழைத்தவர் பிராங்க்ளின் பௌடிச் டெக்ஸ்டர் என்பவர். அதோடு நிற்காமல், தொடக்கக்கால யேல் மாணவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை 1885-க்கும் 1912-க்கும் இடையில் ஆறு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜுக்கும் இப்படி ஒன்று உண்டு. பள்ளியில் வட்டத்துக்குமேல் வட்டம் போட்டுக் கணங்கள் படித்தோமே, அந்த வென்படத்துக்குப் பெயர் தந்த ஜான் வென் தொடங்கிய வேலை. பாதியில் அவர் போய்விட்டார், மகன் தொடர்ந்தார். 1922-லிருந்து 1954 வரை பத்துத் தொகுதிகள் வந்தன. தகப்பனும் பிள்ளையுமாக ஒரு பல்கலைக்கழகத்தின் இறந்தவர்களை எண்ணி முடித்திருக்கிறார்கள்.

யேல் என்றதும் எனக்கு இன்னொன்றும் உறுத்தும். அந்தப் பெயருக்குரிய எலிஹு யேல் சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்தவர், 1687-லிருந்து 1692 வரை. முறைகேட்டுப் புகாரில் பதவி போனது. அவர் சொத்து சேர்த்தது நம் கடற்கரையில். 1718-ல் அவர் அனுப்பிய ஒன்பது பொதிச் சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. கூடவே 417 புத்தகங்களும் ஜார்ஜ் மன்னரின் படமும். அதற்குத்தான் அந்தக் கல்லூரிக்கு அவர் பெயர். சின்ன வயதிலேயே இறந்த அவருடைய மகன் டேவிட்டைப் புதைத்த இடம்தான் இன்றைய சென்னை உயர் நீதிமன்ற வளாகம். சென்னையில் சேர்த்த பணத்தால் பெயர் பெற்ற ஒரு கல்லூரி, தன்னிடம் படித்து இறந்த ஒவ்வொருவரையும் எழுதிவைத்திருக்கிறது. சென்னையிலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் 1857 முதல் பல்கலைக்கழகம் நடத்தும் நாம் அப்படி ஒரு வரிசை போடவில்லை. நீங்கள் 22 பேருக்குப் போட உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்காகவே உங்களுக்கு என் வணக்கம். இனி வயதில் மூத்தவரிடம் கொஞ்சம் கடுமையாகப் பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐடிஐ நண்பரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன். ‘டி.ஜி.எம். ஆக ஓய்வு’ என்பது அவர் வாழ்க்கை இல்லை, அவருடைய பென்ஷன் காகிதம். 1984-ல் சி-டாட் என்ற அரசு தொலைபேசி ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியபோது டெல்லியிலும் நம் பெங்களூரிலும் இளம் பொறியாளர்கள் ராப்பகலாக உட்கார்ந்து, தூசிக்கும் வெயிலுக்கும் தாங்குகிற, ஏ.சி. அறை கேட்காத 128 இணைப்பு எக்ஸ்சேஞ்ச் ஒன்றைச் செய்தார்கள். 1986-ல் அது முதலில் போனது கித்தூருக்கு. அங்கே உங்கள் நண்பர் நின்றிருக்கிறார் என்றால் அதை அடைப்புக்குள் வைக்கலாமா? முதல் மணி அடித்தபோது யார் எடுத்தார்கள், எத்தனை நாள் அந்த ஊரில் தங்கினார், என்ன சாப்பிட்டார் என்று அவர் மனைவியைக் கேளுங்கள். அவருக்கு நினைவிருக்கும். டி.ஜி.எம். ஆன தேதி நினைவிருக்காது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவர். அதில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தார், பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தார். அவர் சொன்ன தீர்ப்பு ஒன்றாவது நமக்குத் தெரியுமா? ஆனால் செல்லரித்த ஏட்டிலிருந்து 1887-ல் அவர் அச்சுக்குக் கொண்டுவந்த கலித்தொகை நம் கையில் இருக்கிறது. அவருக்குச் சம்பளம் தந்த வேலை வேறு, அவர் செய்த வேலை வேறு. சம்பளம் வந்த வேலையை மட்டும் எழுதுகிறவன் பாதி மனிதனைத்தான் எழுதுகிறான்.

இப்போது அந்த இரண்டு பெண்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கோபம் வந்த இடம் அதுதான். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை, அதை அப்புறம் சொல்கிறேன். அந்த 22 பேரைப் பற்றி உங்கள் கடிதத்தில் உயிர் உள்ள வரிகள் இரண்டே இரண்டு. இரண்டையும் அடைப்புக்குறிக்குள் தள்ளியிருக்கிறீர்கள். ஒன்று கித்தூர். மற்றது, ‘ரீடிங் எல்லாம் அவர்தான் எழுதுவார், ஒருமுறைகூடத் தப்பாது.’ இதை எழுதிவிட்டு அடுத்த மூச்சில் ‘தகவல் திரட்ட வழியில்லை’ என்கிறீர்கள்! ஐயா, தகவல் உங்கள் கையிலேயே இருக்கிறது.

நான் பொறியியல் படித்தவனில்லை. மோட்டார் லோட் டெஸ்ட் என்றால் என்ன என்று, பாலிடெக்னிக்கில் பல வருடம் லேப் நடத்திய ஒரு நண்பரைக் கேட்டேன். அவர் சொன்னார்: மோட்டார் அச்சில் ஒரு பிரேக் டிரம். அதில் பெல்ட்டைச் சுற்றி ஒருவன் இறுக்கிக்கொண்டே போவான். டிரம் சூடாகும், ஒருவன் தண்ணீர் ஊற்றுவான். ஒருவன் வேகத்தை அளப்பான். மூன்று பேரும் சத்தம் போட்டு எண்களைக் கத்துவார்கள். எழுதுகிறவர் வெறுமனே எழுதுவதில்லை. ஓர் எண் முன்னும் பின்னும் ஒட்டாமல் நின்றால், கோடு போடும்போது வளைந்து போகும் என்று தெரிந்தால், ‘நிறுத்து, மறுபடி இறுக்கு’ என்று சொல்ல வேண்டியது அவர்தான். ‘அந்த டேபிள்ல யார் எழுதறாங்கன்னு பாத்தா போதும் சார், ரிசல்ட் வருமா வராதான்னு சொல்லிடலாம்’ என்றார் அவர். உங்கள் குழுவுக்கு ரிசல்ட் வந்ததற்குக் காரணமே பக்கத்து மேஜையில் நின்றவர்தான். உங்களுடைய 34 வருட உத்தியோகத்துக்கு அஸ்திவாரமான ரெக்கார்டு நோட்டில் அவர் எடுத்த எண்கள் இருக்கின்றன. அவருக்கு ஒரு சொல், அதுவும் ‘இல்லத்தரசி’. அந்தச் சொல்லைப் போட அவர் பி.இ. படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லையே. அவர் ரேங்க் வாங்கியிருந்தாலும் அதே சொல், எழுதப்படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் அதே சொல். எல்லோருக்கும் பொருந்துகிற சொல் இரங்கல் குறிப்பில் எதற்கு?

நான் புகழ்ந்த யேல் பதிவேட்டிலும் இதே ஓட்டைதான். அந்தக் கல்லூரி இளநிலைப் படிப்பில் பெண்களைச் சேர்த்தது 1969-ல். பதிவேடோ 1952-லேயே நின்றுவிட்டது. ஆகவே அந்தப் பக்கங்களில் பெண் பெரும்பாலும் ‘இன்னாரின் மகள், இன்னாரைக் கட்டியவர்’ என்றுதான் வருவார். அவர்களுக்கு ஒரு சாக்கு இருந்தது, படித்தவர்கள் ஆண்கள் என்று. உங்கள் வகுப்பில் அந்தப் பெண்கள் படித்தார்கள். எனக்கும் அந்தச் சாக்கு இருக்கவில்லை.

என் பெரியம்மா 1957-ல் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பி.எஸ்சி. முடித்தவர், பௌதிகம். அல்சூர் பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. ஆனால் தெருவில் அவருக்கு ‘மழை டீச்சர்’ என்று பெயர்.

மாடியில் கைப்பிடிச் சுவரைவிட்டுத் தள்ளி, ஒரு செங்கல் மேடைமேல், ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்று எப்போதும் நிற்கும். அதன்மேல் மண்ணெண்ணெய்க் கடையில் வாங்கிய தகரப் புனல். காற்றுக்குச் சாயாமல் சுற்றிலும் கம்பி. தினமும் காலை எட்டரைக்கு, பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பியதும், ஸ்கேலோடு மேலே போவார். என்னையும் கூட்டிப்போவார். பாட்டிலில் நின்ற தண்ணீரை அளந்து அதில் நாலில் ஒரு பங்கை எழுதச் சொல்வார். எனக்கு அது விளங்கவில்லை. புனலின் வாய் பாட்டிலைப்போல் இரண்டு பங்கு அகலம்தானே, அப்படியானால் பாதியைத்தானே எழுத வேண்டும் என்று சண்டை போட்டேன். அவர் இரண்டு வட்டம் வெட்டித் தந்து, சின்னதைப் பெரியதன்மேல் வைத்துவைத்துப் பார்க்கச் சொன்னார். “வாய் ரெண்டு பங்குன்னா, பிடிக்கிற வானம் நாலு பங்குடா.” பரப்பு என்றால் என்ன என்று நான் கற்றது அன்றைக்குத்தான். இந்திய வானிலைத் துறை மழையைக் கணக்கெடுப்பதும் காலை எட்டரைக்குத்தான் என்று எனக்குத் தெரிந்தது முப்பது வயதுக்குமேல். பெரியப்பா கிளம்புகிற நேரம் என்பதால்தான் எட்டரை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எழுதுவது எதில் தெரியுமா? பால் கணக்கு நோட்டில். தேதி, பால் ஒன்றரை, பக்கத்தில் ‘ம 12’. ம என்றால் மழை, பன்னிரண்டு மில்லிமீட்டர். மழை இல்லாத நாளில் ‘ம 0’ என்று எழுதுவார், காலியாக விடமாட்டார். “காலியா விட்டா பார்க்கலன்னு அர்த்தம். சைபர் போட்டா பார்த்தேன், இல்லன்னு அர்த்தம்” என்பார்.

இது பொழுதுபோக்கு இல்லை. எங்கள் சந்து பள்ளத்தில் இருந்தது. கோடி வீடுகள் நாலும் இன்னும் பள்ளம். எத்தனை மழைக்குச் சாக்கடை பொங்கும் என்று அவர் வருடக்கணக்காகப் பார்த்து வைத்திருந்தார். ராத்திரியில் ஒரேயடியாகக் கொட்டும்போது டார்ச்சோடு மேலே போய்ப் பார்ப்பார். பாட்டிலில் பன்னிரண்டு சென்டிமீட்டர் கோட்டைத் தண்ணீர் தொட்டால், அதாவது மழை முப்பது மில்லிமீட்டரைத் தொட்டால், என்னை எழுப்பி அந்த நாலு வீட்டுக் கதவையும் தட்டச் சொல்வார். அவர்கள் அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றி, பிள்ளைகளைக் கட்டிலில் தூக்கிப் போடுவார்கள். அரை மணி கழித்துத் தண்ணீர் வரும். ‘டீச்சர் சொல்லிட்டாங்களா?’ என்று எதிர்வீட்டுக் கன்னடக்கார அஜ்ஜி தமிழில் கேட்பது இன்னும் காதில் இருக்கிறது.

அவர் இறந்தது 1994-ல். எனக்கு 27 வயது. வீட்டில் எழுதத் தெரிந்தவன் என்று பேப்பரில் அறிவிப்புக் கொடுக்க என்னை அனுப்பினார்கள். பத்திரிகை அலுவலகத்துக் கவுண்டரில் இருந்தவர் பென்சில் நுனியால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். முப்பது சொல் வரை ஒரு ரேட். எனக்கு முப்பத்தொன்று வந்தது. “ஒண்ணு எடுத்துடுங்க” என்று தாளை என் பக்கம் திருப்பினார். நான் ‘பி.எஸ்சி.’ என்பதை அடித்தேன்.

அடுத்த வரியிலேயே பெரியப்பாவின் உத்தியோகம் இருந்தது, மூன்று சொல்லில். அதன்மேல் என் பேனா போகவே இல்லை. யோசித்து முடிவெடுத்ததாகக்கூடச் சொல்லமாட்டேன். பார்த்ததும் எடுக்கலாம் என்று தோன்றியது அந்த ஒரு சொல்தான். மாடியில் அவர் பக்கத்தில் நின்று வானத்தை அளந்தவன் நான். மறுநாள் பேப்பரில் அவர் இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று வந்தது. எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறாய் என்றார்கள். அதனால்தான் உங்கள்மேல் மட்டும் கோபம் இல்லை என்றேன்.

ஏ. லலிதா என்று ஒருவர், 1919-ல் பிறந்தவர், நம் நாட்டின் முதல் பெண் பொறியாளர். தன் பதினெட்டு வயதில் கணவரை இழந்தபோது கையில் நாலு மாதக் குழந்தை. அப்பா கிண்டி பொறியியல் கல்லூரியில் பேராசிரியர், மகளை அங்கேயே உங்களைப்போல எலெக்ட்ரிக்கல் படிக்கவைத்தார். பட்டம் தரும் நேரத்தில் பார்த்தால், அச்சடித்த சான்றிதழில் ‘அவன்’ என்றுதான் இருந்தது, பெண் வருவாள் என்று யாரும் நினைக்கவில்லை. அதைப் பேனாவால் அடித்துவிட்டு ‘அவள்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். கல்கத்தாவில் வேலை பார்த்தார், 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர் மாநாட்டுக்குப் போனார், 1979-ல் மறைந்தார். ஆனால் அந்தச் சான்றிதழைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை. அங்கே யாரோ ஒருவர் ஒரு சொல்லை அடித்து அந்தப் பெண்ணை உள்ளே கொண்டுவந்தார். ஐம்பது வருடம் கழித்து இங்கே நான் ஒரு சொல்லை அடித்தேன்.

அன்னா மணியையும் சொல்ல வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பி.எஸ்சி. ஆனர்ஸ் முடித்து, 1940-ல் நம் ஊர் இந்திய அறிவியல் கழகத்தில் சி.வி. ராமனிடம் சேர்ந்தார். வைரத்தின், மாணிக்கத்தின் ஒளிப் பண்புகளை ஆய்ந்து 1945-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார். எம்.எஸ்சி. இல்லை என்று சொல்லி சென்னைப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் தரவில்லை. அந்த ஆய்வேடு இன்றும் ராமன் ஆய்வு நிறுவன நூலகத்தில் இருக்கிறது, சதாசிவநகர்ப் பக்கம் போனால் அந்தக் கட்டடத்தைப் பார்க்காமல் என்னால் தாண்ட முடியாது. பிறகு அவர் வானிலைத் துறைக்குப் போய், வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருந்த கருவிகளை இங்கேயே செய்ய வேண்டும் என்று, ஏறக்குறைய நூறு கருவிகளுக்குத் திட்டவட்டமான வரைபடங்கள் போட்டார். துணைத் தலைமை இயக்குநராக 1976-ல் ஓய்வு. 2001 ஆகஸ்டில் மறைவு. பட்டத்தை மட்டும் பார்த்துக் குறிப்பு எழுதினால் இவருக்கு ‘பி.எஸ்சி.’ என்பதோடு முடிந்துவிடும். மழையளக்கிற கருவியைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஒரு பெண் புனாவில் இருந்துகொண்டு பிடிவாதம் பிடித்த அதே வருடங்களில், அவர் பெயரையே கேட்டிராத இன்னொரு பெண் அல்சூர் மாடியில் புனலுக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார். இருவருக்கும் வேலை ஒன்றுதான். ஒருவருக்குச் சம்பளமும் பதவியும் வந்தன.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இதைப் படித்துவிட்டு மறுகோடிக்குப் போய்விடாதீர்கள். ‘குடும்பத்துக்காகத் தன் திறமையைத் தியாகம் செய்தவர்’ என்று எழுதிவிடாதீர்கள். பெண் பட்டதாரி இறந்தால் நம்மிடம் இரண்டே அச்சுகள், இல்லத்தரசி, இல்லாவிட்டால் தியாகி. இரண்டிலும் அவர் என்ன செய்தார் என்பது இல்லை. என் பெரியம்மா எதையும் தியாகம் செய்ததாகச் சொன்னதில்லை. வேலைக்குப் போயிருக்கலாம் என்று ஏங்கினாரா? ஏங்கியிருக்கலாம். என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததை அவர் தலையில் கட்டமாட்டேன். அவர் மாடிக்குப் போனார், அளந்தார், எழுதினார், கதவு தட்டச் சொன்னார். இன்றைக்குக் கவுண்டரில் நிற்பவன் நானாக இருந்தால் இப்படி எழுதிக் கொடுப்பேன்:

‘1957-ல் பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் பௌதிகத்தில் பி.எஸ்சி. பெற்றார். அல்சூரில் தன் வீட்டு மாடியில் இருபது வருடங்களுக்கு மேல் தினமும் மழை அளந்து பதிவு செய்தார். அந்தக் கணக்கை வைத்து வெள்ளம் வருமுன் தெருவை எச்சரித்தார். மூன்று பிள்ளைகளையும் ஒரு தங்கை மகனையும் வளர்த்தார். சிறுநீரகக் கோளாறால் இறந்தார்.’

முப்பது சொல்லைத் தாண்டும்தான். தாண்டட்டும்.

உங்கள் மற்ற கேள்விகள். அளவு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் பதவியைப் பார்த்து வரி கூட்டாதீர்கள், தெரிந்ததைப் பார்த்துக் கூட்டுங்கள். படம் எதுவானாலும் சரி. தமிழ், கன்னடப் பக்கங்கள் கட்டாயம் வேண்டும், வீட்டில் இருக்கும் பெரியவர்கள் படிக்க வேண்டாமா? தற்கொலை செய்துகொண்டவரின் வீட்டாரைக் கேளுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் ‘மறைந்தார்’ என்று எழுதுங்கள், ‘மாரடைப்பு’ என்று பொய் எழுதாதீர்கள். அவர் எப்படி இறந்தார் என்பதைவிட, ஐந்து செமஸ்டர் அவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர் யார் என்று தேடிப்பிடித்து அவரிடம் கேட்பது முக்கியம். குடித்தவரைப் பற்றியும் அப்படியே. குடிக்காமல் இருந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்று எழுதுங்கள்.

மைசூரில் இருக்கும் அந்தத் தங்கைக்குத் தொலைபேசி செய்யுங்கள். பக்கத்து மேஜைக்காரரின் தங்கை அவர்தானா, மற்றவருடைய தங்கையா என்றுகூட உங்கள் கடிதத்தில் தெளிவில்லை. அதிலிருந்தே தொடங்குங்கள். அவரிடம் ‘அக்கா என்ன வேலை பார்த்தார்’ என்று கேட்டுவிடாதீர்கள், ‘ஒன்றும் பார்க்கவில்லை’ என்று சொல்லி வைத்துவிடுவார். லேபில் அவர் ரீடிங் எழுதியதை முதலில் நீங்கள் சொல்லுங்கள். தன் அக்கா ஒருமுறைகூடத் தப்பாமல் ரீடிங் எழுதிய கதையை அந்த வீட்டில் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அதன்பிறகு, வீட்டில் மின்சாரம் போனால் ஃபியூஸ் கட்டியது யார், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தது யார், காலையில் எல்லோரும் கிளம்பிப் போனபிறகு அக்கா என்ன செய்வார் என்று கேளுங்கள். அவர் பேச ஆரம்பித்ததும் குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச்வரை நேரம் இருக்கிறது. இரண்டு குறிப்புகளும் தயாரானதும் அச்சுக்குக் கொடுக்குமுன் எனக்கு அனுப்புங்கள், படிக்க ஆசைப்படுகிறேன்.

அன்புடன்